பகல் சாப்பாட்டின் ரேட்

கல்முனை பஸாரில் அந்தச் செருப்பை நீ காலில் போட்டுப் பார்த்தாய், மகன். நாலு எட்டு நடந்தும் பார்த்தாய். பிறகு குனிந்து விலைச் சீட்டைத் திருப்பினாய், போனை எடுத்து எதையோ தட்டினாய், செருப்பைக் கழற்றி முன்பு இருந்தபடியே சோடியாக அடுக்கி வைத்தாய். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "நாப்பது ரியால் உம்மா, வேணாம்" என்றாய். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சீட்டில் மூவாயிரத்து முந்நூறு ரூபாய் என்றுதான் போட்டிருந்தது. நாம் பிறந்து வளர்ந்த ஊரில், கையில் நம்முடைய ரூபாயை வைத்துக்கொண்டு, நீ ரியாலில் விலை பார்த்தாய். உன் விமானம் வியாழக்கிழமைதான். நீ போவதற்கு முன்னமே உன் கணக்கு கட்டாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கடையில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஓட்டோவில் திரும்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்னை உனக்குத் தெரியும். முகத்துக்கு முகம் பார்த்து நீளமாகக் கதைக்க எனக்கு வராது. பெண் பார்க்க வந்த அன்று தான் கண்டது ஒரு முக்காட்டையும் இரண்டு கால் பெருவிரல்களையும் மட்டும்தான் என்று உன் வாப்பா இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். அதனால் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது இது. எழுத்துப் பிழைகளை உன் தங்கச்சி திருத்தித் தருவாள். அவள் படிப்பதால் ஒன்றும் குறையப் போவதில்லை, அவளைப் பற்றியும் இதில் இருக்கிறது. உன்னோடு ஒரே விமானத்தில் ஏறுகிற உன் கூட்டாளிகளுக்கும் காட்டு. அவர்களுடைய உம்மாமார் கேட்டாலும் கொடு. இதில் மறைக்க எதுவும் இல்லை.

சுனாமியாய்க் கடல் வந்த பிறகு எங்கள் பள்ளிக்கூடம் கனகாலம் முகாமாக இருந்தது. திரும்பத் திறந்தபோது நான் போகவில்லை. வீட்டில் எனக்குக் கீழே இருந்த பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது, எனக்கும் புதிய வகுப்பில் புதிய முகங்களின் முன்னால் எழுந்து நிற்கப் பயமாக இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன. சாய்ந்தமருதில் எங்கள் வளவைத் தாண்டி நான் தனியே போன இடம் ஒன்றும் கிடையாது. பதினெட்டு முடியும் முன்பே கலியாணம். உன் வாப்பா மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்து மூன்றாவது மாதம் கட்டாருக்குப் போனார். அவர் போனது எனக்காக அல்ல, எனக்கு என் வீடு இருந்தது. கல்முனைக்குடியில் அவருடைய தங்கச்சி, உன் பரீனா மாமி, கலியாணமாகாத குமராக இருந்தார். நம் பக்கத்து வழமை உனக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கட்டி வைத்துவிட்டுத்தான் மாப்பிள்ளை தேட வேண்டும். அவர்களுடைய வாப்பா உயிரோடு இல்லாத அந்த வீட்டில், பாரம் மூத்த ஆண்பிள்ளையான காக்காவின் தலையில்தான் விழும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு அவர் கோல் எடுப்பார். நான் சலாம் சொல்வேன். அதோடு வாய் ஒட்டிக்கொள்ளும். மூன்று மாதம் மட்டுமே பார்த்த மனிதரிடம், அதுவும் வீட்டில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, எதைக் கதைப்பது? அவரும் பெரிய கதைகாரர் இல்லை. ஒருநாள் அவர்தான் வழி கண்டுபிடித்தார். "இண்டைக்கு ரேட் என்ன புள்ள?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்து வைத்திருக்கிறேன் என்றேன். அந்த வாரம்தான் நான் முதல்முறையாகத் தனியே பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட காசு மாற்றும் கடை ஒன்று இருந்தது. உள்ளே போகக் கூச்சம். வெளியில் நின்று கண்ணாடிக்குள்ளால் பலகையைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். மற்றப் பெண்களுக்குப் புருஷன்மார் போனில் என்னென்னவோ சொல்வார்களாம். எனக்கு ரேட். ஆனாலும் மகன், ஒருவர் கேட்பதும் மற்றவர் சொல்வதும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு ஆரம்பித்ததே அந்தப் பலகையால்தான்.

அந்தப் பலகையைத்தான் நான் பிழையாகவும் வாசித்தேன். ரியாலுக்கு நேராக இரண்டு இலக்கங்கள் இருந்தன. ஒன்று இருபத்தேழு, மற்றது இருபத்தொன்பது. பெரியதைப் பார்த்தால் மனதுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையே வாப்பாவுக்குச் சொன்னேன். அவர் ஐந்நூறு ரியாலைத் தாளாகவே லீவில் வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். பதினாலாயிரத்து ஐந்நூறு வரும் என்று கணக்குப் போட்டு, பரீனா மாமியின் வீட்டுக்குத் தளம் போட மேசனுக்கும் நாள் சொல்லியாகிவிட்டது. கடையில் என் கையில் வந்தது பதின்மூவாயிரத்து ஐந்நூறு. ஆயிரம் ரூபாய் எங்கே? கேட்க வாய் வரவில்லை. விலகிப் போகவும் கால் வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்த்து, என் வாப்பா என்ன தொழில் என்று கேட்டார். மீன் வியாபாரம் என்றேன். "அப்ப உங்களுக்குத் தெரியாததா தங்கச்சி? கடற்கரையில எடுக்கிற விலையும் சந்தையில விக்கிற விலையும் ஒண்டா? இண்டைக்கு நீங்க எங்களுக்கு ரியால் விக்க வந்திரிக்கீங்க. அப்ப நாங்க எடுக்கிற விலைதான்."

அந்த ஆயிரம் ரூபாய் குறைந்ததால் மேசனை இரண்டு நாள் பிந்தி வரச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பலகையும் என்னை ஏமாற்றியதில்லை. நம் கையிலிருந்து ரியால் போகிறது என்றால் வாங்கும் விலை, நம் கைக்கு ரியால் வருகிறது என்றால் விற்கும் விலை. கடைக்காரருக்கு எது லாபமோ அதுதான் உனக்குரிய இலக்கம் என்று வைத்துக்கொள், பிழைக்காது. கொஞ்ச நாளில் எங்கள் ஒழுங்கையில் கட்டாரிலும் சவூதியிலும் ஆள் உள்ள பெண்கள் எல்லாம் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "என்னகா, இண்டைக்கு மாத்தலாமா, நாளைக்கா?" முகத்தை நிமிர்த்தியே பார்க்காத பெண்ணுக்கு ரேட்டுக்காரி என்று பட்டம் வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்று இப்போது சொல்லலாம்.

உன் வாப்பாவின் கணக்கு அங்கே நிற்கவில்லை. ரேட்டைக் கேட்ட கையோடு சீமெந்து என்ன விலை என்றும் கேட்பார். ரியாலை ரூபாயாக்குவார், ரூபாயைச் சீமெந்தாக்குவார். அவருடைய தலைக்குள் கட்டாரில் உள்ள எல்லாப் பொருளும் மூட்டை மூட்டையாக நின்றன. போடுகிற ஒரு சேட் ஒரு மூட்டை. தலைமயிர் வெட்டினால் அரை மூட்டை. ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்து, பகலைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன். நான் அவரிடம் ரேட்டைத் தவிர்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் சொன்னார்: "நாலு பகல் சாப்பாடு ஒரு மூட்டை சீமெந்து புள்ள. இந்த மாசம் ஏழு மூட்டை மிச்சம்." நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு, வீட்டில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தேன். போனில் என் சிரிப்பை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் எத்தனை மூட்டை மிச்சம் என்று சொல்லத் தொடங்கினார். நானும் ஒவ்வொரு வாரமும் சிரித்தேன். அவர் பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் வான் வந்து வாசலில் நின்றது. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துவிட்டு, அவர் எங்கே என்று நான் வானுக்குள் எட்டிப் பார்த்தேன். பெட்டி இறக்கியவர்தான் அவர். இடுப்புப் பட்டியில் புதிதாகக் குத்திய ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அன்று பின்னேரம் அவருடைய தங்கச்சியின் வீட்டைப் பார்க்கக் கல்முனைக்குடிக்குப் போனோம். சுவர் எழும்பி, தளம் போட்டு, நிலைகள் வைத்து, வெள்ளை பூச மட்டும்தான் பாக்கி. பரீனா மாமியின் வாய் உனக்குத் தெரியும். அவர் வீட்டைக் காட்டவில்லை. காக்காவைத் தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"காக்கா, உங்கட பகல் சாப்பாடு எந்தச் சுவருக்குள்ள இரிக்கி?"

எல்லோரும் சிரித்தோம். வாப்பாவும் சிரித்துக்கொண்டே குசினிச் சுவரைத் தட்டிக் காட்டி, "இதான்" என்றார். மாமி சிரிக்கவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் பாயை விரித்து, காக்காவை இருத்தி, இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டு முடிக்கும் வரை எழும்ப விடவில்லை. லீவு முடியும் வரைக்கும் ஒவ்வொரு பகலும் அவருக்கு அங்கேதான் சாப்பாடு. ஒருநாள் நான் இங்கே சமைத்து வைத்திருந்ததற்கு மாமி என்னோடு சண்டைக்கே வந்தார்.

அந்த வீட்டில் கலியாணம் நடந்தது, அந்தக் குசினியில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், எல்லாம் அல்லாஹ்வின் கிருபை. ஆனால் வாப்பா இரண்டாம் முறை போனபோது ஒப்பந்தம் முடியும் முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். குடலில் புண் என்றார் டொக்டர். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்றார். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, காலையில் எழும்பியதும் வாப்பாவின் மருந்துக் குளிசையையும் தண்ணீர்க் கோப்பையையும் கொண்டுபோய்க் கொடுப்பது உன் வேலை. அது எதற்கு என்று நீ கேட்டதே இல்லை. வீட்டில் சீனிப் போத்தல் இருப்பது போல அதுவும் இருந்தது. ரேட்டுக்காரி அல்லவா, நான் ஒருமுறை அந்தக் குளிசைகளையும் சீமெந்தாக்கிப் பார்த்தேன். குளிசைக் காசில் குசினிச் சுவர் எப்போதோ போய்விட்டது, மகன். மதிலும் போய், இப்போது கேற்றடியில் நிற்கிறது. இதை வாப்பாவிடம் சொன்னபோது, தன் சைக்கிள் சாமான் கடையில் ரயருக்கு விலை எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அப்ப பெயின்ற் அடிக்கிறதுக்கும் கொஞ்சம் விட்டு வை" என்றார். அவரை மாற்ற முடியாது.

உனக்குக் கணக்கு வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கணக்கு வேண்டும், சரியான கணக்கு வேண்டும். அன்று செருப்புக் கடையில் நீ போனில் பார்த்தது எண்பத்திரண்டு. அந்த இலக்கம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரும் அதை உனக்குத் தர மாட்டார். காசு அனுப்பப் போகும்போது ரேட் என்ன என்று மட்டும் கேட்டு நிறுத்தாதே. இத்தனை ரியால் தந்தால் என் உம்மாவின் கைக்கு எத்தனை ரூபாய் வரும் என்று கேள். அனுப்புகிற கூலியைக் கழித்து, ரேட்டால் பெருக்கி, கடைசியாக வருகிற அந்த ஒரு இலக்கத்தை இரண்டு மூன்று இடத்தில் ஒப்பிட்டுப் பார். ஓர் இடத்தில் ரேட் கூட இருக்கும், கூலியும் கூட இருக்கும். கூலி ஒவ்வொரு முறைக்கும்தான் எடுப்பார்கள் என்றால், வாரம் ஒரு துளி அனுப்பாமல் மாதம் ஒருமுறை அனுப்பு. ரூபாய்க்குப் பின்னால் உள்ள சதத்தைச் சில்லறை என்று முதலிலேயே வெட்டி விடாதே. ஒரு ரியாலில் நாற்பது சதம் ஒன்றுமில்லைதான், ஆயிரம் ரியாலில் அது நானூறு ரூபாய். முதலில் பெருக்கு, வெட்டுவதைக் கடைசியில் வெட்டு. கூட்டாளி போன மாதம் சொன்ன ரேட்டை இந்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளாதே. அது போன மாதத்து மீன்.

இன்னொன்று. யாருக்கும் ரூபாயில் வாக்குக் கொடுக்காதே. சில வருஷங்களுக்கு முன்னால் நம் ரூபாய் விழுந்தபோது, ரியால் சில வாரத்துக்குள் இரண்டு மடங்குக்குக் கிட்டப் போனது உனக்கு நினைவிருக்கும். பெற்றோலுக்கும் காஸுக்கும் நாம் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அடுத்த ஒழுங்கையில் மட்டும் ஒரு வீட்டில் பெருநாள் போல இருந்தது. அந்த வீட்டு மகன் கட்டாரிலிருந்து மேசனுக்கு ரூபாயில் பேசி மாடி கட்டச் சொன்னான். ரேட் இறங்கியது, சீமெந்து விலை இறங்கவில்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் மாடிப்படி இருக்கிறது, ஏறிப் போனால் மேலே வானம் இருக்கிறது. அந்தப் பெண் அதில் உடுப்புக் காயப் போடுகிறாள். நல்லாகக் காயும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நீ கொடுப்பதாக இருந்தால், மாதம் இத்தனை ரியால் அனுப்புவேன் என்று சொல். அது எத்தனை ரூபாயாகிறதோ அத்தனையில் நாங்கள் இங்கே பார்த்துக்கொள்வோம்.

இவ்வளவும் அனுப்புகிற காசுக்கு. சாப்பிடுகிற காசுக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. அங்கே ஒரு சாப்பாடு பத்து ரியால் என்றால் அது பத்து ரியால்தான், எண்ணூற்றிருபது ரூபாய் அல்ல. அந்தப் பத்து ரியாலை உழைத்தது அந்த ஊர் வெயிலில், அந்த ஊர் விலையைச் சாப்பிட்ட உடம்பு. அதை நம் ஊர்ச் சோற்றுக் கடை விலையோடு வைத்துப் பார்த்தால் எந்தச் சாப்பாடும் தொண்டையில் இறங்காது. வாப்பா ரேட்டில் பிழை விட்டதே இல்லை. சதம் வரைக்கும் சரியாகத்தான் பெருக்கினார். பெருக்கக் கூடாத ஒன்றைப் பெருக்கினார்.

இதையெல்லாம் நேற்று முன்தினம் பகல் சாப்பிடும்போது உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நீ முந்திக்கொண்டாய். கம்பனி அறை மட்டும்தான் தருகிறது, சாப்பாடு நம் பாடு என்று முன்பே தெரியும். மருதமுனை ஆள் ஒருவர் அங்கே மெஸ் நடத்துகிறார், இரண்டு நேரச் சோறு கறி அறைக்கே வரும், மாதம் முந்நூற்றைம்பது ரியால் என்று வாப்பா விசாரித்து வைத்திருந்தார். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "மெஸ் வேணாம் வாப்பா. இருபத்தெட்டாயிரத்து எழுநூறு. நான் பணிஸ் கடிச்சி டீ குடிச்சிச் சமாளிப்பன். அந்தக் காசில தங்கச்சிட வீட்டுக்கு அத்திவாரம் வெட்டலாம்" என்றாய். தங்கச்சி சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவள் இன்னும் ஓ.எல். பரீட்சை கூட எழுதவில்லை. "நான் உங்களுக்கிட்ட வீடு கேட்டனா? போன் ஸ்கிறீன் வெடிச்சி ஆறு மாசம், அதக் கேட்டன். அதுக்கு ஒரு ரியாலும் காணல்ல" என்றாள். நீ சிரித்தாய். நான் வாப்பாவைப் பார்த்தேன். அவர் சொல்ல வாயெடுத்துவிட்டுத் திரும்பச் சோற்றைப் பிசைந்தார். நீங்கள் அப்படித்தானே செய்தீர்கள் என்று நீ கேட்டுவிடுவாய் என்று அவருக்குத் தெரியும்.  நான் எழுந்து குசினிக்குள் போனேன். கத்தரிக்காய்க் கறிச் சட்டியைத் தேவையில்லாமல் ஒருமுறை கிளறினேன். நீ இரண்டாம் தரம் சோறு வாங்காமல் எழுந்து கை கழுவுகிற சத்தம் கேட்டது. நீ எப்போதும் இரண்டாம் தரம் வாங்குகிறவன்.

தங்கச்சிக்கு வீடு வேண்டும், ஓம். அது வழமை, நானும் அப்படி வந்த வீட்டில்தான் இருக்கிறேன். அதற்கு வாப்பாவின் கடை இருக்கிறது, நான் இருக்கிறேன், நீயும் ஒரு கை கொடு. ஆனால் பரீனா மாமி கேட்டதைப் போல அவளும் ஒருநாள் உன்னைக் கேட்க வேண்டி வரக் கூடாது. உன்னிடம் சொன்னால் தலையை ஆட்டுவாய். அங்கே போய் இறங்கியதும் போனை எடுத்துத் தட்டுவாய். நீ எனக்குத் தெரியாத பிள்ளையா?

அதனால் நேற்றுக் காலை, பரீனா மாமியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். கல்முனையில் இறங்கி, அதே கடைப் பலகையைப் பார்த்தேன். வாங்க எண்பது, விற்க எண்பத்துநாலு. அங்கிருந்து மருதமுனை பஸ் ஏறினேன். மெஸ்காரரின் பெண்டாட்டியும் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று வாப்பா சொல்லியிருந்தார். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எனக்கு அக்கா வயதுள்ள அந்த ராத்தா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அறியாத வீடு. படலையைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிற்பைப் பார்த்து, ஏதோ உதவி கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். அப்படிப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். என் மகன் வியாழக்கிழமை போகிறான், அவனுடைய இரண்டு மாதச் சாப்பாட்டுக் காசை இங்கே ரூபாயில் உங்களிடம் தந்தால் அங்கே உங்கள் வீட்டுக்காரர் அவனுக்குச் சாப்பாடு கொடுப்பாரா என்று, நடுவில் இரண்டு தரம் நின்று, ஒருவழியாகக் கேட்டு முடித்தேன். உனக்கு முதல் சம்பளம் கைக்கு வர எப்படியும் ஒன்றரை மாதமாகும். இரண்டு மாதம் நேரத்துக்குச் சாப்பிட்ட வயிறு, மூன்றாம் மாதம் தானாகவே சாப்பாடு கேட்கும். அதுதான் என் கணக்கு.

ராத்தா கையைக் கழுவிவிட்டு வந்து, புருஷனுக்குக் கோல் எடுத்துக் கேட்டார். அவர் ஓம் என்றார். அதற்குப் பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை வந்தது. எழுநூறு ரியால். எத்தனை ரூபாய்? ராத்தாவும் சும்மா ஆளில்லை, பலகை அவருக்கும் பாடம். எண்பத்துநாலு போடுங்கள் என்றார். உங்கள் மகனுக்கு ரியால் வேண்டும் என்று நீங்கள் கடையில் வாங்கினால் அந்த விலைதானே என்றார், அதுவும் நியாயம்தான். எனக்குக் கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த எழுநூறு ரியாலை உங்கள் வீட்டுக்காரர் அங்கே மகனிடம் வாங்கி உங்களுக்கு அனுப்பினால் உங்கள் கைக்கு எண்பதுதானே வரும், அதிலும் அனுப்புகிற கூலி வேறு போகும், அந்தக் கூலி இப்போது உங்களுக்கு மிச்சம் என்றேன். ராத்தா என்னைத் திரும்ப ஒருமுறை பார்த்தார்.

"படலையில நிக்கக்குள்ள வாயே இல்லாத ஆள் மாதிரி நிண்டீங்களே புள்ள."

"ரேட்டுக்கு மட்டும் வாய் இரிக்கி ராத்தா."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார். குடித்து முடிப்பதற்குள் எண்பத்திரண்டில் வந்து நின்றோம். உன் போன் காட்டிய அதே நடு விலை. கடையில் கிடைக்காதது ஒரு வீட்டு விறாந்தையில் கிடைத்தது. ஐம்பத்தேழாயிரத்து நானூறு ரூபாய். என் சீட்டுக் காசிலிருந்து எண்ணி வைத்தேன். அது காப்புச் செய்யப் போட்ட சீட்டு என்று உனக்குத் தெரியும். காப்பைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் கதைக்கக் கூடாது. அது என் கை.

ராத்தா திரும்ப ஒருமுறை எண்ணினார். எண்ணிவிட்டு, உங்கள் மகன் அங்கே போய் எனக்குச் சாப்பாடு வேண்டாம், காசைத் தாருங்கள் என்று கேட்டால் என்ன செய்வது என்றார். அவருடைய புருஷனுக்கு இப்படிப் பிள்ளைகளைத் தெரியுமாம். வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் மாதம் அப்படித்தானாம்.

"சோத்தக் குடுங்க ராத்தா. காசக் குடுக்காதீங்க."

"கோவிச்சிக்கிட்டுச் சாப்பிடாம இருந்தா?"

"முதல் நாள் இருப்பான். வாசம் அறைக்குள்ள வந்தா இரிக்க மாட்டான்."

அதையும் அவர் புருஷனுக்குக் குரல்செய்தியாக அனுப்பினார். நீ கத்தரிக்காயைத் தள்ளி வைப்பாய், மீன் என்றால் தலைத் துண்டு கேட்பாய், உறைப்பு கொஞ்சம் கூடப் போட வேண்டும் என்று நான் சொன்னவற்றையும் சேர்த்துச் சொன்னார். நான் எழுந்து முக்காட்டைச் சரிசெய்தேன். படலை வரை வந்த ராத்தா, ஒன்றை மறந்துவிட்டேன் என்று நின்றார். வெள்ளிக்கிழமைகளில் மெஸ்ஸில் பிரியாணி, அதற்குக் காசு வேறு, வேண்டாதவர்களுக்கு அன்றும் வழமையான சோறுதான் என்றார். ஒரு தட்டு எத்தனை ரியால் என்று சொல்ல வாயெடுத்தார்.

நான் அந்த ரேட்டைக் கேட்க நிற்காமல், சீட்டுக் காசின் மீதியைப் பையோடு அவர் கையில் கொடுத்து, எல்லா வெள்ளிக்கிழமைக்கும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.